தூர்ந்த கிணறுகளும் ஈசாக்கின் வழியும்

வேதப்புத்தகத்தை நாம் ஆலயத்தில் திறக்கிறோம். பெரும்பாலும் ஆலயத்திலேயே மூடியும் விடுகிறோம். கிணற்றடிக்கு அதைக் கொண்டுபோவதில்லை. ஆனால் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி கிணற்றடியிலேதான் நடக்கிறது. காணிக்குத் திரும்பியிருக்கிற, திரும்பும் நாளை இன்னும் எதிர்பார்த்திருக்கிற நமது கமக்காரக் குடும்பங்கள் இன்று வாசிக்கவேண்டிய அதிகாரம் இதுவே என்பது எனது எண்ணம்.

ஈசாக்கு ஒரு கமக்காரன். கேராரில் விதைத்து நூறு மடங்கு விளைச்சல் கண்டவன். அதைப் பொறாத பெலிஸ்தர், அவனுடைய தகப்பன் ஆபிரகாம் வெட்டுவித்த துரவுகளை மண்ணால் தூர்த்தார்கள். அரசன் அவனை ஊரைவிட்டுப் போகச்சொன்னான். அவன் போய்ப் பள்ளத்தாக்கில் கூடாரமடித்தான். தூர்ந்துபோன துரவுகளைத் திரும்பத் தோண்டினான். தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்குத் திரும்ப இட்டான். இடம்பெயர்ந்த ஒருவனின் கதையாக இதை வாசிக்க நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறினோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3இல் மக்களிடம் வந்தது. இன்னும் ஒரு பகுதிக் காணி இராணுவத்தின் வசமே இருக்கிறது. திரும்பியவர்கள் கண்டதென்ன? வீடில்லை, வேலியில்லை, கதியாலும் இல்லை. கிணறுகள் பல கல்லும் மண்ணும் பற்றையுமாய்த் தூர்ந்து கிடந்தன. தோண்டினோம். தண்ணீரும் வந்தது. அதற்குப் பிறகுதான் சண்டையும் வந்தது.

நமது தோட்டக் கிணறுகள் பல, பங்குக் கிணறுகள். இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு முறை என்பது எழுத்தில் இருக்கவில்லை. முதியவர்களின் நினைவில் இருந்தது. அந்த முதியவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலமாகிவிட்டார்கள். அன்று மூன்று பங்காயிருந்த கிணற்றுக்கு இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலுமாகப் பதினைந்து உரித்தாளர் இருக்கலாம். ஊரில் நின்று கிணற்றைத் தூர்வாரியவன், "செலவழித்தவன் நான், தண்ணீர் எனது" என்கிறான். உறுதியை வைத்திருப்பவன், "பங்கு எனது" என்கிறான். இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே திருவிருந்து மேசைக்கு வருகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய துரவுக்கும் வழக்கு வந்தது. அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயரிட்டு அப்பாற் போனான். இரண்டாவதுக்கும் வழக்கு, அதற்குச் சித்னா, பகை, என்று பெயர். மூன்றாவதுக்கு வழக்கில்லை, அது ரெகொபோத், இடமுண்டாயிற்று என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஈசாக்கைப்போல விட்டுக்கொடு" என்று விதவையிடமும் ஏழையிடமும் சொல்லுகிற வழக்கம் நம் சபைகளில் உண்டு. அது இந்த அதிகாரத்தின் போதனை அல்ல. நீ எங்களிலும் பலத்தவனானாய் என்று அரசனே ஈசாக்கிடம் சொல்லுகிறான். விட்டுக்கொடுத்தவன் பலமுள்ளவன். ஆபிரகாமும் அப்படியே, மூத்தவனாயிருந்தும் நிலத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனாகிய லோத்துக்கு முதலில் கொடுத்தான். ஆகவே முதலில் இறங்கிவர வேண்டியவர் பணமும் ஆட்பலமும் உள்ள பங்காளியே. வெளிநாட்டுச் சகோதரன் அனுப்பும் காசில் மதில் எழுப்பக்கூடியவரே.

அயலவனுக்கு விட்டுக்கொடுப்பதால் பறிக்கப்பட்ட காணியைக் கேட்கும் உரிமையை நாம் விட்டுவிடுகிறோம் என்பதுமில்லை. அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு நேரே கேட்டான். அநியாயத்தை அநியாயம் என்று சொல்லிய பின்பே விருந்து வைத்தான். நாமும் காணியை விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் பெரியவர்களிடம் காணி கேட்கும் நாம் அயலவனின் ஓரடி நிலத்துக்குள் கதியாலைத் தள்ளி நட்டால், அந்தக் கேள்விக்கு என்ன பலமிருக்கும்? எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனை உபாகமம் 27 சபிக்கிறது.

மேலும், நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைநீரே நமது தண்ணீர். அதன் கீழே உவர்நீர். ஒருவர் அளவுமீறி இயந்திரத்தால் இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த செய்தி பரவியபோது எத்தனை ஊர்கள் அஞ்சின! நிலத்தின்மேல் வேலி போடலாம். நிலத்தின்கீழ் போட முடியாது.

இன்னுமொரு கூட்டத்தார் இருக்கிறார்கள்: உறுதியே இல்லாதவர்கள். குத்தகைக்கும் கூலிக்கும் தோட்டஞ் செய்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணி விடுவிப்பால் திரும்பக் கிடைத்தது ஒன்றுமில்லை. 1995இல் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் கிணற்றடியில் வாளியோடு நாம் வரிசையில் நின்றதை மறக்கலாமா? சாதி கேட்டுத் தண்ணீர் மறுத்த கிணற்றடிகளையும் நம்மிற் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஆண்டவரோ யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார்.

ஆகவே ஒவ்வொரு சபையிலும் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, அடுத்த போகத்துக்கு முன் பங்குக் கிணறு ஒவ்வொன்றின் பங்காளரையும், சைவ அயலவர் உட்பட, கூட்டி, வெளிநாட்டிலுள்ளோரைத் தொலைபேசியில் சேர்த்து, இறைப்பு முறையையும் செலவுப் பங்கையும் எழுதிக் கையொப்பமிடுவது. இணங்காவிட்டால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் தந்த வழி அது. இரண்டு, சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுக் காணிக்கை செலுத்தும்படி மத்தேயு 5இல் ஆண்டவர் சொன்னதை வேலிச் சண்டைக்கும் பொருத்துவது. திருவிருந்துக்கு முந்திய கிழமையில் போதகரும் மூப்பரும் இரு வீட்டுக்கும் போய்வரட்டும். மூன்று, காணியற்ற ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமும் ஓர் இறைப்பு முறையும் கொடுப்பது. சபைக்குச் சொந்தமான காணியிலிருந்தே இதைத் தொடங்கினால் நல்லது.

அபிமெலேக்கோடு சமாதான ஆணையிட்ட அதே நாளில் ஈசாக்கின் வேலைக்காரர் ஓடிவந்து, தண்ணீர் கண்டோம் என்றார்கள். நாம் தோண்டித் தண்ணீர் கண்டுவிட்டோம். சமாதானம் இன்னும் மீதியிருக்கிறது.