புரோக்கர் போனால் பாயிண்ட் ஏறுமா?

'இடைத்தரகரை ஒழித்தால் விவசாயி பிழைப்பான்.' சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் இந்த வாசகத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. திரையில் ஒரு படம் போடுவார்கள். விவசாயி, புரோக்கர், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஐந்து கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள். மதிப்புச் சங்கிலி என்று அதற்குப் பெயர். பேச வந்தவர் புரோக்கர் கட்டத்தின் மேல் சிவப்புக் கோடு இழுப்பார், கைதட்டல் விழும். பல வருஷமாக எனக்கு எரிச்சலூட்டும் கோடு அது. நம் விவசாயி பணத்தை இழக்கும் இடம் அந்தக் கட்டத்தில் இல்லை.

முதலில், பங்குக் கணக்கு. நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசுதான் சேர்கிறது என்று 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள் சொன்னது. அந்த எண்ணை அப்படியே மரவள்ளிக்கும் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். வயலில் பறித்த தக்காளி தக்காளியாகவே சமையலறைக்கு வருகிறது. மரவள்ளி அப்படியா? ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு நாலைந்து கிலோ கிழங்கு வேண்டும். தோல் சீவி, அரைத்து, பால் வடித்து, மாவு படியவிட்டு, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்க வேண்டும். கிழங்கு விலையையும் ஜவ்வரிசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் இருப்பதெல்லாம் கொள்ளை என்பது கணக்கே அல்ல.

அடுத்து, புரோக்கர் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறார் என்பது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. அந்தக் காட்டுக்கு வெட்டாள் பிடிப்பது, சாக்கு கொடுப்பது, லாரி பேசுவது, ஆலையில் முறை வாங்குவது எல்லாம் அவர் தலையில். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுவிடும். லாரி வரவில்லை என்றால் பத்து மாத உழைப்பு வரப்பில் கிடந்து அழுகும். புரோக்கரை நீக்கச் சொல்பவர்கள் இந்த வேலைகளை யார் பார்ப்பது என்று சொல்வதில்லை. அவர் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுகிறார் என்பது உண்மை. நடவு நேரத்தில் வேறு யாரும் அவ்வளவு சுலபமாகப் பணம் தராததால்தான் அவரிடம் போகிறார்கள்.

மூன்றாவது, 'நேராக ஆலைக்கே கொண்டு போங்கள்' என்ற யோசனை. மொத்தப் பேச்சும் நிற்பது இதன் மேல்தான், விழுவதும் இங்கேதான். கிழங்குக்கு விலை எடையில் மட்டும் இல்லை, பாயிண்டில் இருக்கிறது. மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். வந்த லோடில் கொஞ்சம் கிழங்கை எடுத்து எடை போடுவார்கள், அதையே தண்ணீரில் அமிழ்த்தி மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு கூடுதலான கிழங்கு தண்ணீரில் கனமாக நிற்கும். முள் காட்டுவதைச் சீட்டில் எழுதுவார்கள். எந்த மூட்டையில் கை விடுவது, கல்லும் மண்ணும் எவ்வளவு என்று கழிப்பது, முள் ஆடி நிற்கும் முன்பே படிப்பதா, நின்ற பிறகா என்பதெல்லாம் வாங்குபவர் கையில். தராசும் அவருடையது, தொட்டியும் அவருடையது, எழுதும் பேனாவும் அவருடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு ஒரு பாயிண்ட் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 9,800 ரூபாய். அதையே 25 என்று எழுதினால் 8,750. டன்னுக்கு 1,050 ரூபாய் போயிற்று. ஏக்கருக்கு 14 டன் விளைந்தவருக்கு 14,700 ரூபாய் நஷ்டம். இந்தத் தொகையைக் கமிஷனாகக் கேட்கும் புரோக்கரை எந்த ஊரும் உள்ளே விடாது. ஆனால் சீட்டில் ஒரு எண் மாறினால் எதிர்த்துக் கேட்க வழியில்லை. அதற்குள் கிழங்கு இறங்கியாயிற்று, லாரி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, திருப்பிக்கொண்டு போனால் நாளைக்குக் கெட்டுவிடும். தனியாக வந்த இரண்டு ஏக்கர்காரரைவிட, வருஷம் முழுக்க லோடு அனுப்பும் புரோக்கர் சொல்லுக்கு அந்தத் தொட்டியருகே மரியாதை அதிகம். ஆத்தூர்ப் பக்கம் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகராறு செய்து ஒரு பாயிண்ட் ஏற்றி வாங்கியவர் புரோக்கர். காட்டுக்காரர் சாக்கை மடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டால் காட்டுக்காரர் அந்தத் தொட்டியின் முன் தனியாக நிற்பார், அவ்வளவுதான் மாறும்.

'சேகோசர்வைப் பாருங்கள், தரகர் இல்லாமல் நடக்கிறது' என்பார்கள் நான்காவதாக. 1981இல் சேலத்தில் தொடங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். கிழங்கு போடுகிறவர்களுக்கான சங்கம் அல்ல அது. அது வியாபாரியை ஒழிக்கவும் இல்லை. மகாராஷ்டிரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் விரதச் சாப்பாட்டுக்கு ஜவ்வரிசி அனுப்பும் வியாபாரிகள் அங்கேதான் டெண்டர் போட்டு எடுக்கிறார்கள். சங்கம் செய்தது வேறு: சரக்கை இறக்கிவைக்கக் கிடங்கு, தரம் பார்க்க ஆய்வுக்கூடம், இருப்பின் பேரில் முன்பணம். விற்பவர் அவசரப்படாமல், தன் சரக்கின் தரம் என்ன என்று தெரிந்துகொண்டு விலை பேச முடிந்தது. ஆலைகளைத் தூக்கிவிட்டது அதுதான். இதே மூன்றில் ஒன்றுகூடக் கிழங்குக்காரருக்கு ஏன் வேண்டாம் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

உழவர் சந்தை, மின்னணுச் சந்தை என்பவர்களுக்கு ஒரே பதில்: 14 டன் ஆலைக் கிழங்கைத் தட்டில் வைத்து விற்க முடியாது, ஏலம் முடியும்வரை அது காத்திருக்கவும் காத்திருக்காது.

விலை சரிவதும் வருமானம் குறைவதும் புரோக்கரால் என்கிறார்கள். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கப்படுவதை எதிர்த்து மரவள்ளி விவசாயிகள் எத்தனை முறை மனு கொடுத்திருக்கிறார்கள்! 2020இல் கேரளத்தில் தலைகாட்டிய மாவுப்பூச்சி இங்கே வந்து காடுகாடாகச் சுருட்டியதும், தேமல் பிடித்த குச்சியையே மறுபடி நடுவதும் யார் செய்த தரகு?

பால் சங்கத்தில் கொழுப்பை ஊரிலேயே, பால் ஊற்றியவர் கண்முன்னே பார்க்கிறார்கள். மரவள்ளிக்கும் அப்படிச் செய்வதில் என்ன கஷ்டம்? தண்ணீர்த் தொட்டியும் தராசும் ராக்கெட் விஞ்ஞானம் கேட்கவில்லை. ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சரிபார்த்த தராசை ஊருக்கு ஒன்று வைத்து, வெட்டுக்கு முதல் நாள் நாலு செடி பிடுங்கிப் பாயிண்ட் பார்த்துச் சீட்டு கொடுக்கட்டும். அந்தச் சீட்டுக்கும் ஆலைச் சீட்டுக்கும் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள் மறுபடி அளக்க வேண்டும் என்று ஆட்சியர் கூட்டும் முத்தரப்புக் கூட்டத்தில் எழுதி வாங்கட்டும். புரோக்கர் இருப்பதா போவதா என்பதை அதற்குப் பிறகு காட்டுக்காரரே முடிவு செய்துகொள்வார்.