கேள்வி கேட்கும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும்

பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "எந்தத் துறை கிடைக்கும்?" என்பது ஒன்று. "படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. தோட்டத்துச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் இவற்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அறிவியல், பொறியியல் துறைகளை நாடும் மாணவர்கள் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அந்தப் புலத்தில் யார் யார் பணியாற்றுகிறார்கள்? அவர்கள் இப்போது எதை ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நம் மாணவர்களில் மிகச் சிலரே கேட்கிறார்கள். கேட்காததால் நாம் இழப்பது என்ன என்பதை நம் தோட்டங்களின் வரலாறே எடுத்துச் சொல்லும்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கிம்மாஸ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் போனாலும், செம்பனையில் வேலை செய்த பெரியவர் ஒருவரையாவது பார்க்கலாம். 1981க்கு முன்பு செம்பனைப் பூவுக்குத் தூள் அடித்த கதையை அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, வெள்ளைத் தூளோடு கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊதிவிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் குலையில் காய் நன்றாகப் பிடிக்கும். பல தோட்டங்களில் தொழிலாளர்கள் நாள்தோறும் செய்த வேலை அது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே கேமரூனில் யாரும் பூவுக்குத் தூள் அடிப்பதில்லை. ஆனாலும் காய் பிடிக்கிறது. ஏன்? தோட்ட நிர்வாகத்தில் இருந்த லெஸ்லி டேவிட்சன் என்பவரை இந்தக் கேள்வி விடவில்லை. செம்பனையில் மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்க்கிறது என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் ஆய்வாளர் கேமரூனுக்குப் போய்ப் பூக்களை உற்றுப் பார்த்தார். காற்றைவிடச் சிறு வண்டுகளே அந்த வேலையைச் செய்கின்றன என்று கண்டறிந்தார். அந்த வண்டு மற்றப் பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து உறுதி செய்த பின், 1981இல் ஜொகூர் குளுவாங்கில் உள்ள தோட்டத்தில் அது விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பம் எங்கும் பரவியது. காய்ப்பிடிப்பு கூடியது. தூள் அடிக்கும் வேலை இல்லாமல் போனது.

இதில் நாம் எங்கே இருந்தோம்? அந்தப் பூவை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்த்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். ஆனால் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில் நாம் இருக்கவில்லை. நம்மிடம் அறிவு குறைந்திருந்ததாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கேள்வி கேட்கவும், விடை தேடவும், அதை எழுதி உலகத்தின் முன் வைக்கவும் தேவையான படிப்பும் ஆய்வுக்கூடமும் நமக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. ஆய்வு முடிந்து, முடிவு மட்டும் நம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த முடிவோடு ஒரு வேலையும் போய்விட்டது.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்களும் உண்டு. டான்ஸ்ரீ டாக்டர் பி.சி. சேகர் 1929இல் சிலாங்கூர் உலு பூலோ தோட்டத்தில் பிறந்தவர். இரசாயனம் படித்து, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியில் சேர்ந்து, 1966இல் அதன் இயக்குநரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவரே. அக்காலத்தில் ரப்பர் தாளைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தபோது அந்தப் பழைய முறை ஈடுகொடுக்கவில்லை. அழுக்கு எவ்வளவு, தன்மை எப்படி என்று சோதித்து, அளவுகளின்படி தரம் பிரித்து, கட்டியாக விற்கும் முறை 1965இல் 'எஸ்.எம்.ஆர்.' என்ற பெயரில் வந்தது. அதன் பின்னணியில் சேகரின் உழைப்பு இருந்தது. 1973இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பால் மரத்தடியில் தொடங்கிய ஒரு வாழ்க்கை, உலகச் சந்தையில் மலேசிய ரப்பரின் மதிப்பை உயர்த்தியது.

இனி நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1998இல் பேராக் கிந்தா வட்டாரத்தில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பிறகு நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களில் மக்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் கணக்கு இடித்தது. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கு விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் நோய் விடவில்லை.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை வளர்த்துப் பார்த்தார். கிருமி தாக்கிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. அவர் அதை ஒதுக்கிவிடாமல், மாதிரியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கே எடுத்துச் சென்றார். அது உலகம் அதுவரை அறியாத கிருமி என்பது உறுதியானது. அதற்கு நிப்பா என்று நம் மாநிலக் கிராமத்தின் பெயரே சூட்டப்பட்டது. உண்மை தெரிந்த பிறகுதான் நடவடிக்கை சரியான திசைக்குத் திரும்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்திருந்தனர்.

ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. உயர்ந்த கட்டடமும் பெரிய வளாகமும் அன்று யாரையும் காப்பாற்றவில்லை. ஒத்துவராத ஒன்றைக் கண்டதும் அதை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பணியாளரும், அவர் கையில் இருந்த ஆய்வுக்கூடமும், அவருக்குப் பின்னால் இருந்த துறையுமே பல உயிர்களைக் காத்தன.

ஆகவே மாணவர்களே, விண்ணப்பப் பட்டியலை நிரப்பும் முன், அந்தப் புலத்தின் அகப்பக்கத்துக்குப் போய் விரிவுரையாளர் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொருவரின் பெயருக்கும் கீழே அவருடைய ஆய்வுத் துறை இருக்கும். பாலம், மின்கலம், நீர், மண், பூச்சி, நெகிழி என்று பலவும் தென்படும். எது உங்களை நிறுத்திப் படிக்க வைக்கிறதோ, அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள்.

ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பொறியியல் பட்டத்துக்கு அது கட்டாயம். அறிவியல் மாணவர்களில் பெரும்பாலோரும் அதைச் செய்தாக வேண்டும். கடைசி நேரத்தில் மிஞ்சிய தலைப்பை எடுத்துக்கொண்டு, மூத்த மாணவர் எழுதியதைப் பார்த்து ஒப்பேற்றினால் மதிப்பெண் வேண்டுமானால் வரலாம். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பில் நீங்களே ஒரு கேள்வியைக் கேட்டு, நீங்களே விடை தேடும் வாய்ப்பு அந்த ஒன்றுதான். இரண்டாம் ஆண்டிலேயே விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டுங்கள். "உங்கள் ஆய்வில் உதவ இடம் உண்டா?" என்று கேளுங்கள். ஆய்வுக்கூட உதவியாளர்களிடமும் பழகுங்கள். கருவியைக் கையாளும் நுணுக்கத்தைப் பல நேரங்களில் அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள முடியும்.

என்ன கேள்வியோடு போவது என்று தயங்க வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கேள்விப் பஞ்சமே கிடையாது. செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் கனோடெர்மா பூஞ்சை பிடித்த மரத்தைக் குணப்படுத்த உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது ஆலையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வெளியேறுகிறது. அதிலிருந்து எரிவாயு எடுப்பதும், ஆற்றுக்குப் போகும் நீரைச் சுத்தப்படுத்துவதும் பொறியாளர்களின் வேலை. உயர்ந்த மரத்தில் குலை அறுக்கும் உங்கள் மாமாவுக்குத் தோளும் கழுத்தும் ஏன் வலிக்கின்றன? அந்தச் சுமையைக் குறைக்கும் கருவியை எப்படி அமைப்பது? இயந்திரப் பொறியியல் மாணவருக்கு இது நல்ல தலைப்பு. இயந்திர அரிவாளைச் செம்பனை வாரியம் முன்பே உருவாக்கியிருக்கிறது. அதை இன்னும் இலேசாக்க இடமுண்டு. நகரத்து மாணவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை நீங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

தடைகள் இல்லை என்று சொல்வது பொய்யாகும். பட்டம் வாங்கியதும் சம்பளம் வீட்டுக்கு வர வேண்டும் என்று குடும்பம் காத்திருக்கும். ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதத் தயக்கம் இருக்கும். "பேராசிரியர் என்ன நினைப்பாரோ" என்ற கூச்சமும் இருக்கும். எல்லாரும் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு திட்டத்தை முறையாகச் செய்து முடித்தவருக்கு, தொழிற்சாலையில் வேலைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். மேலே படிக்க விரும்புபவர், ஆய்வு மானியத்திலிருந்து ஊதியம் தரும் ஆய்வு உதவியாளர் வேலை உண்டா என்று மேற்பார்வையாளரிடம் விசாரிக்கலாம். கூச்சத்துக்கு மட்டும் மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாக்களில் புத்தாக்கங்களைப் படைத்துப் பரிசு வாங்குவதைப் படம் போட்டு மகிழ்கிறோம். அதே பிள்ளை படிவம் நான்குக்குப் போனதும் அறிவியல் பாடங்களைக் கண்டு ஒதுங்கினால், அந்தப் பரிசுக் கோப்பை அலமாரியில் தூசிதான் பிடிக்கும். ஆறாம் ஆண்டில் கேள்வி கேட்ட பிள்ளை பதினாறு வயதிலும் கேட்க வேண்டும். அதற்குத் துணை நிற்பது நம் கடமை.

சிரம்பானிலிருந்து புறப்படும் கொமுட்டர் ரயில் லாபுவிலும் நீலாயிலும் நின்று, பாங்கியில் தேசியப் பல்கலைக்கழக நிலையத்தையும், அதைத் தாண்டிச் செர்டாங்கையும் அடைகிறது. செர்டாங்கில் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். அங்கு ஆராயப்படும் மரமும் மண்ணும் நம் வீட்டு வாசலில் இருப்பவைதான். நம் தாத்தா பாட்டி காலத்தில் எட்டாதிருந்த ஆய்வுக்கூடம் இன்று சில ரயில் நிலையங்கள் தள்ளி இருக்கிறது. விடுமுறையில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது, நீங்கள் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.