சாரலிலிருந்து சமுத்திரம் வரை

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்ற செய்தி காதில் விழுந்தால், அப்புறம் நமக்குப் பட்டணத்தில் இருப்புக் கொள்வதில்லை. இம்முறையும் ஆனி பிறந்ததும் புறப்பட்டுவிட்டோம். தென்காசி ஸ்டேஷனில் இறங்கினால் மேற்கேயிருந்து வரும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டு, வழியெல்லாம் பட்ட சிரமத்தை மறக்கச் செய்துவிடுகிறது. விசுவநாதர் கோபுரத்தைத் தாண்டி மேற்கே மூன்றரை மைல் போனால் அருவியின் ஓசை கேட்கத் தொடங்கும்.

நேயர்கள் இந்த வாரம் நம்மிடமிருந்து எண்ணெய்க் குளியலின் பெருமையையும், குற்றாலத்துக் குரங்குகளின் சாமர்த்தியத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். நாமும் அப்படித்தான் உத்தேசித்திருந்தோம். ஆனால் பேரருவியின் பக்கத்தில் ஈர வேஷ்டியைப் பிழிந்துகொண்டு நின்றபோது ஓர் அம்மாளுடன் பேச நேர்ந்தது. அதனால் உத்தேசம் மாறிப்போயிற்று.

அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். வேன் வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். மற்றவர்களெல்லாம் அருவியில் நின்று கூச்சலிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் துணி மூட்டைகளுக்குக் காவலாகக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் குளிக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"பிள்ளைக குளிச்சாப் போதும், அண்ணாச்சி. எனக்கு வெள்ளம் வந்ததிலேயிருந்து தண்ணிச் சத்தம் கேட்டாலே ஒரு திடுக்கு."

ஊர் தூத்துக்குடி. தொழில், உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்பு வாருவது. அவர் சொன்ன வெள்ளம் 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் வந்தது. குமரிக் கடலின்மேல் ஒரு காற்றுச் சுழற்சி நின்றதன் பலனாக, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்தச் சீமையில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையைக் கூட்டினாலும் 95 வராது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது நின்றதுதான். சுமார் 800 பிரயாணிகளில் பெரும்பாலோர் இரண்டு நாட்கள் நாலு பக்கமும் தண்ணீர் சூழ அதில் சிறையிருந்தார்கள். தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியது.

சாஸ்திரிகள் (பஞ்சாங்கம் பார்ப்பவர்களைச் சொல்லவில்லை, விஞ்ஞானிகளைச் சொல்கிறோம்) இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் அதிகமாகிறது. பூமி சூடேற ஏற மேகம் கனக்கிறது; பத்து நாளில் பெய்யவேண்டியதை ஒரே ராத்திரியில் கொட்டிவிடத் துணிகிறது. குற்றாலத்திலேயே இதைப் பார்த்தோம். சாரலுக்கு இன்னும் நாளிருந்த 2024-ஆம் வருஷம் மே 17-ந் தேதி, பழைய குற்றால அருவியில் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது.

"இங்கே விழுகிற தண்ணீர்தான் உங்கள் ஊருக்கு வருகிறது, தெரியுமா?" என்று அந்த அம்மாளிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. நேயர்களும் நம்பாமலிருக்கலாம் ஆகையால் வழியைச் சொல்லிவிடுகிறோம். அருவி நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து கிழக்கே போகிறது. வழியில் அணைகளுக்கும் கால்வாய்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் கடைசி அணை. அங்கே பிரியும் வடகால், குளம் குளமாக நிரப்பிக்கொண்டுபோய்த் தூத்துக்குடியின் வாசலிலுள்ள கோரம்பள்ளம் குளத்தில் சேர்கிறது. மிஞ்சியது 24 கண் மதகு வழியாக உப்பாற்று ஓடையில் இறங்கிச் சமுத்திரத்தை அடைகிறது.

2023-இல் நகரத்தை மூழ்கடித்த பழி முழுவதையும் குற்றாலத்தின்மேல் போடுவது நியாயமல்ல. அந்த ராத்திரி கோவில்பட்டியிலும் 53 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. வடமேற்கேயிருந்து காட்டோடைகள் புரண்டு வந்தன. நகரத்தின் தலைமேலேயே மழை கொட்டியது. கோரம்பள்ளத்தின் கரையும் உடைந்தது. தூத்துக்குடி தட்டையான ஊர். கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே இருக்கிறது. பக்கிள் ஓடைக்குக் கான்கிரீட் சுவர் எடுத்தார்கள், தெருக்களில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் உள்ளே வரும் தண்ணீர் வடிகாலின் கொள்ளளவுக்குப் பல மடங்காகி, வெளியே கடலும் உயர்ந்து நின்றால், கான்கிரீட் என்ன செய்யும்? பள்ளமான தெருக்களிலிருந்து பல நாட்கள் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கவேண்டியிருந்தது.

பள்ளமான தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். மேடான மனைக்கு விலை அதிகம். ஆகவே மேட்டில் பணம் குடியேறுகிறது. பள்ளத்தில் உப்பளத்துக்காரரும், வலை இழுப்பவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் குடியேறுகிறார்கள். வெள்ளம் ஜாதி பார்ப்பதில்லை, பணம் பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. அது சுத்தப் பிசகு. வெள்ளம் ஏழையின் வீட்டைத் தேடித்தான் முதலில் போகிறது; கடைசியில் வெளியேறுவதும் அங்கிருந்துதான்.

"பிறகு வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டிக்கொண்டீர்களா?" என்று கேட்டோம்.

"அது வாடகை வீடு, அண்ணாச்சி. நான் எப்படி ஒசத்த?" என்றார் அந்த அம்மாள்.

நமக்கு வாயடைத்துப் போயிற்று. வீட்டை உயர்த்துங்கள், மாடியில் ஓர் அறை கட்டுங்கள், காப்பீடு செய்யுங்கள் என்று நிபுணர்கள் கொடுக்கும் யோசனைகளெல்லாம் வீட்டுக்குச் சொந்தக்காரருக்கே சொன்னவை. வாடகைக்காரருக்குச் சொல்லும் யோசனை ஒன்றையும் நாம் படித்த நினைவில்லை.

நிவாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு ரூ.6,000, மற்ற இடங்களில் ரூ.1,000 என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. அவசர சமயத்தில் அப்படித்தான் செய்யமுடியும். தாமதமின்றிக் கொடுத்ததைக் குறை கூறமாட்டோம். ஆயினும், முழங்கால் தண்ணீரை மாடியிலிருந்து பார்த்தவருக்கும், அரிசிப் பானை முதல் பிள்ளையின் பாடப் புஸ்தகம் வரை பறிகொடுத்தவருக்கும் ஒரே வட்டத்தில் ஒரே தொகை என்றால், அது சமமேயன்றி நியாயமாகாது. உப்பளத் தொழிலாளிக்கோ மழைக்காலத்தில் எப்படியும் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காகச் சர்க்கார் சில வருஷங்களாக ரூ.5,000 கொடுத்து வருகிறது. 2023-இல் பாத்திகள் கரைந்து சேறாகிவிட்டபடியால் தை பிறந்தும் வேலை பிறக்கவில்லை. அளத்து முதலாளியின் நஷ்டம் டன் கணக்கில் எழுதப்படுகிறது. கூலியாளின் நஷ்டமோ நாட்கணக்கு. அதை எழுதிக்கொள்ள எந்த ரிஜிஸ்தரிலும் பத்தி இல்லை. 1930-இல் வேதாரணியத்தில் ஒரு பிடி உப்புக்காகச் சிறை புகுந்த தேசம் இது என்பதை இங்கே ஞாபகப்படுத்தத் தோன்றுகிறது.

ஹாலந்து தேசத்தாரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1995-இல் வெள்ள பயத்தால் அங்கே இரண்டரை லட்சம் ஜனங்களை ஊரைவிட்டு வெளியேற்றவேண்டி வந்தது. நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே பழகியவர்கள் அதன்பின் யோசனையை மாற்றி, சில இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். ஓவர்டீப் என்ற தாழ்நிலத்துக் குடியானவர்கள், "எங்கள் நிலத்தில் வெள்ளம் வரட்டும், எங்கள் வீடுகளுக்கு மட்டும் மேடு கட்டிக் கொடுங்கள்" என்று தாங்களே திட்டம் கொடுத்தார்களாம். சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. பள்ளத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனிடமும் யோசனை இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

தூத்துக்குடிக்கு இந்தப் பாடத்தை ஹாலந்திலிருந்துதான் தருவிக்கவேண்டும் என்பதில்லை. 1906-இல் சிதம்பரம் பிள்ளை பங்கு சேர்த்து ஜனங்களின் பணத்தில் கப்பல் கம்பெனி கண்ட ஊர். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரார் அவர்கள் பக்கம் நின்றார்கள்; சம்பள உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. கடல் பக்கமும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஒரு காலத்தில் வெட்டியெடுத்த பவளப் பாறைகளே அந்தக் கரைக்கு அலைதாங்கிச் சுவர். அது போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே விட்டன. நகருக்கு எதிரேயுள்ள வான் தீவும் அந்த வழியே போகவிருந்த சமயம், செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அலை தணிந்தது, மீனும் வந்து தங்குகிறதாம்.

ஆகவே கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் பராமரிப்பில்தான். புதிதாக ஒன்றைக் கட்டினால் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. குளத்தில் தூர் எடுப்பதற்கும், மதகுக் கதவுக்கு மசகு போடுவதற்கும், ஓடையில் முளைத்த சீமைக்கருவேலை வெட்டுவதற்கும் மாலை போட யார் வருவார்கள்?

திரும்பும் வழியில் தென்காசியில் ரயிலுக்கு நேரமிருந்தபடியால் கோயிலுக்குப் போனோம். அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுது பார்ப்பவர்கள் யாரோ அவர்களைப் பணிகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். கட்டியவன் ராஜா, பணிந்ததோ, இனிமேல் பிறக்கப்போகிற ஏதோ ஒரு கொத்தனாரை! அப்படியும் இடிந்த கோபுரம் நெடுங்காலம் அப்படியே நின்று, 1990-இல்தான் மறுபடி எழுந்தது. கோரம்பள்ளத்துக் கரைக்கு அவ்வளவு காலம் கிடையாது. ஆடி முடிந்து சாரல் ஓய்ந்தால், ஐப்பசி மழைக்கு இடையில் இரண்டே மாதம்.