வாடகை ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கா?

சித்தூர், திருப்பதி நகர உழைப்பாளி மக்களுக்கென ஆந்திர அரசின் டிட்கோ நிறுவனம் தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக எழுப்பிய குடியிருப்புகளில் 300, 365, 430 சதுர அடி என மூவகை வீடுகள் உள்ளன. வீடொன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் மானியம் தந்ததோடு ஒன்றிய அரசின் கடமை முடிந்துவிடுகிறது. தண்ணீர் மோட்டார், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் மாதச் செலவோ குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகிறது.

இத்தகைய சங்கங்களுக்கு வரவேண்டிய பராமரிப்புத் தொகை நிலுவை இருவகைப்படும். ஒன்று, இல்லாமையால் விளைவது. 365, 430 சதுர அடி வீடுகளுக்குப் பதிந்தோரில் பலர், சாவி கைக்கு வருமுன்பே வங்கித் தவணைக்காக நெருக்கப்பட்டனர். குடியிருந்த இடத்துக்கு வாடகையும் கொடுத்துவந்தனர். மற்றொன்று, ஒதுக்கீடு பெற்ற வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் வாழ்வோர் வைக்கும் நிலுவை. முன்னவருக்கு அவகாசம் தேவை. பின்னவரிடம் கண்டிப்பு தேவை.

நிலுவைக்காகக் குடிநீர்க் குழாயை அடைத்தால் தவிப்பவர் வாடகைதாரரே; வாடகை வாங்கும் உரிமையாளருக்கு ஒரு துளியும் குறையாது. 1987ஆம் ஆண்டின் ஆந்திர அடுக்ககச் சட்டம் பொதுச் செலவை உரிமையாளர் மீதே சுமத்துகிறது. எனவே வசூல் நடவடிக்கையும் அவர் மீதே பாய வேண்டும். வாடகையில் நிலுவையைக் கழித்துச் சங்கத்திடம் நேரே செலுத்த வகைசெய்யும் ஆணையை அரசு பிறப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தின்கீழ், சங்கம் திரட்டும் தொகைக்கு ஈடான தொகையை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வழங்குகிறது. ஆந்திர அரசும் தன் பங்கைச் செலுத்தட்டும்.

தோழர்கள் இச்சங்கங்களில் வாடகைதாரருக்கும் இடம் பெற்றுத்தர வேண்டும். மாதந்தோறும் வரவு செலவைப் பலகையில் எழுதச் செய்ய வேண்டும். உழைப்போர் இருவரை ஒருவருக்கொருவர் எதிரியாக்கும் குழாய்ச் சண்டையை அரசிடம் கணக்குக் கேட்கும் போராட்டமாக மாற்றுவதே நம் பணி.