தேய்மானமா, தரக்குறைவா? துப்பாக்கி ஜாம் ஆனால் யார் பொறுப்பு? இன்சாஸ் ரைபிள் சொல்லும் பாடம்

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டில், கடலுக்குப் போன ஃபைபர் படகின் இன்ஜின் பாதி வழியில் நின்றுவிட்டால் கரையில் எழும் முதல் கேள்வி இதுதான்: பார்ட்ஸ் தேஞ்சு போச்சா, இல்ல வாங்கும்போதே மட்டமான பார்ட்ஸா? தேய்மானம் என்றால் செலவு படகுக்காரர் தலையில். மட்டமான பொருள் என்றால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதாக இன்னொரு பதிலும் வரும். "நல்ல தண்ணியில கழுவாம விட்டிருப்பீங்க, உப்பு ஏறிடுச்சு."

இந்திய ராணுவமும் துணை ராணுவப் படைகளும் பல ஆண்டுகள் சுமந்த இன்சாஸ் ரைபிள் பற்றிய சர்ச்சையிலும் இதே மூன்று பதில்கள்தான் மாறி மாறி வந்தன. ஒரே ஒரு வித்தியாசம். படகு நின்றால் பக்கத்துப் படகு கட்டி இழுத்து வரும். மோதலுக்கு நடுவே ரைபிள் நின்றால் போவது உயிர்.

கடற்கரை ஊர்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கடல் வழியாக வந்தார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் காவலர்களிடம் இருந்தவை பழைய .303 ரைபிள்கள். அதன் பிறகு நாடு முழுக்க கடலோரக் காவல் பலப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1994 முதலே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இயங்குகிறது. கரையோரம் நிற்கும் காவலரின் ஆயுதம் ஆண்டு முழுக்க உப்புக்காற்றில்தான் இருக்கிறது.

அரை தானியங்கி ரைபிள்னா என்ன?

ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா. அடுத்த தோட்டாவை ரைபிளே ஏற்றிக்கொள்ளும். வீரர் கையால் இழுத்து ஏற்ற வேண்டியதில்லை.

தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவின் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், போல்ட் என்ற பாகத்தைப் பின்னால் தள்ளும். அப்போது ஒரு சிறிய கொக்கி காலி கேஸை இழுத்து வெளியே எறியும். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் போல்ட்டை மீண்டும் முன்னால் தள்ள, மேகசினிலிருந்து புதிய தோட்டா உள்ளே போகும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இதில் எந்தக் கண்ணி தவறினாலும் ரைபிள் ஜாம்.

இந்தியாவில் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்தது எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைபிளை ஒட்டி, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் தயாரானது. 7.62 மி.மீ. தோட்டா, 20 தோட்டா மேகசின். அதற்கு மாற்றாக 1990களில் வந்ததுதான் 5.56 மி.மீ. இன்சாஸ். இது ஒற்றைத் தோட்டாவாகவும் சுடும். ஒரே அழுத்தத்தில் மூன்று தோட்டாவாகவும் சுடும்.

எந்த பாகம் தேயும்?

எல்லா பாகமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை.

- ஸ்பிரிங்: நாளாக நாளாக இறுக்கம் குறையும். போல்ட் முழுசாக முன்னால் வந்து மூடாது.
- காலி கேஸை இழுக்கும் கொக்கி: முனை மழுங்கினால் கேஸ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.
- மேகசினின் வாய்: நெளிந்தாலோ விரிந்தாலோ தோட்டா கோணலாக ஏறும்.
- வாயு வரும் வழி: கரி படிந்தால் பிஸ்டனுக்குப் போதிய தள்ளு கிடைக்காது.
- குழல்: தோட்டா நுழையும் இடத்தில்தான் வெப்பமும் அழுத்தமும் அதிகம். அங்கேதான் முதலில் அரிக்கும். குறி தவறத் தொடங்கும்.

ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்துவிடலாம். குழலின் அரிப்பையும், போல்ட் மூடும் இடைவெளியையும் பார்க்கத் தனித்தனி கேஜ்கள் இருக்கின்றன. பாகம் அளவுக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று அவை சொல்லிவிடும். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது.

தேய்மானத்தையும் தரக்குறைவையும் எப்படிப் பிரிப்பது?

ஒரு ரைபிளை மட்டும் பார்த்தால் பல நேரம் சொல்ல முடியாது. நூறு ரைபிள்களின் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிகம் சுட்ட பழைய ரைபிள்களில் கோளாறு மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் அது தேய்மானம். ஒரே காலத்தில் ஒரே இடத்தில் தயாரான புதிய ரைபிள்களில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அது தயாரிப்பின் குறை. புதுசு, பழசு என்ற பேதமில்லாமல் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் வந்தால் சூழலும் பராமரிப்பும் காரணமாக இருக்கலாம். தோட்டாவின் தொகுதி மாறியதும் கோளாறு தொடங்கினால் சந்தேகம் தோட்டா மேல்.

அதாவது எந்த ரைபிள், எந்த ஆண்டு, எத்தனை ரவுண்டு சுட்டது, எந்தத் தொகுதி தோட்டா என்ற பதிவு இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பதிவு இல்லாவிட்டால் மிஞ்சுவது வாக்குவாதம் மட்டுமே.

இன்சாஸில் நடந்தது என்ன?

1999 கார்கில் போரில் இன்சாஸ் முதல் பெரிய சோதனையைச் சந்தித்தது. கடும் குளிரில் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. ரைபிள் ஜாம் ஆனது. மூன்று தோட்டாவோடு நிற்க வேண்டியது நிற்காமல் சுட்டது. சுடும்போது எண்ணெய் வீரரின் கண்ணில் தெறித்தது. இந்தப் புகார்கள் அப்போதே வெளியே வந்தன.

மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ரைபிள் படைக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எனவே விரிசலை 'தேய்மானம்' என்று சொல்ல வழியில்லை. குளிரில் நொறுங்கும் மேகசின் என்பது எந்தப் பொருளில் செய்தார்கள், எந்தக் குளிரில் சோதித்தார்கள் என்ற கேள்வி. பின்னர் 1பி1 என்ற மேம்படுத்தப்பட்ட வகை வந்தது.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் ராணுவ முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியதில் 43 வீரர்கள் இறந்தனர். இந்தியா கொடுத்த இன்சாஸ் ரைபிள்கள் சண்டையின்போது சரியாக வேலை செய்யவில்லை என்றது நேபாள ராணுவம். முறையாகப் பயன்படுத்தாததும் பராமரிக்காததும்தான் காரணம் என்றது இந்தியத் தரப்பு.

உள்நாட்டிலும் புகார் நிற்கவில்லை. மாவோயிஸ்ட் பகுதிகளில் பணியாற்றிய சி.ஆர்.பி.எஃப்., இன்சாஸ் அதிகம் ஜாம் ஆவதாகச் சொல்லி 2014இல் மாற்று ஆயுதம் கேட்டது. அங்கே இன்சாஸின் இடத்துக்கு ஏ.கே. வகை ரைபிள்கள் வந்தன.

அப்போ வீரர்கள் மேல தப்பே இல்லையா?

பராமரிப்பு முக்கியம்தான். கரி படிந்த ரைபிள் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் நிற்கும். ஆனால் 'வீரர் சுத்தம் செய்யவில்லை' என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எம்-16 உதாரணம்.

வியட்நாம் போரில் 1960களின் நடுவில் எம்-16 அடிக்கடி ஜாம் ஆனது. முதலில் பழி வீரர்கள் மேல் விழுந்தது. 1967இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது வேறு கதை வெளிவந்தது. தோட்டாவில் போடும் வெடிமருந்தை, போதிய சோதனை இல்லாமல் மாற்றியிருந்தார்கள். அதனால் கரி அதிகமானது. சுத்தம் செய்யும் கருவிகளும் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. அதன் பிறகு தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள், கருவிகள் கொடுத்தார்கள். ரைபிளைப் பராமரிப்பது எப்படி என்று படக்கதைப் புத்தகமே போட்டார்கள். அதே குடும்பத்து ரைபிள்தான் இன்றும் அமெரிக்கப் படையிடம் இருக்கிறது.

ஜெர்மனியில் இன்னொரு விதம். தொடர்ந்து சுட்டுச் சூடானால் ஜி-36 ரைபிள் குறி தவறுகிறது என்று 2015இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை சொன்னது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் கோப்லென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கேட்டதைத்தான் நிறுவனம் கொடுத்திருந்தது. வாங்கும்போதே கேட்காத தரத்தைப் பின்னால் கோர முடியாது என்பது இதில் உள்ள பாடம்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பங்கு?

இன்சாஸை வடிவமைத்தது புனேவில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம். தயாரித்தவை இச்சாப்பூர், கான்பூர், திருச்சி தொழிற்சாலைகள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது. ஏ.கே. பாணியில் 'திருச்சி அசால்ட் ரைபிள்' என்பதையும் அது உருவாக்கியது.

வடிவமைப்பவர் ஓரிடம், செய்பவர் மூன்று இடம், தரச் சான்று கொடுப்பது இன்னொரு துறை, பயன்படுத்துவது படை. குறை வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். சத்தம் அதிகம் கேட்கும் இரண்டு ஓரங்கள் எல்லையில் நிற்கும் வீரரும் லேத்தில் நிற்கும் தொழிலாளியும்தான். தவறான பொருளைத் தேர்ந்தெடுத்த முடிவு இவர்கள் இருவர் கையிலும் இல்லை.

2021 அக்டோபர் 1 முதல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. திருச்சி ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது. நிறுவனம் என்று ஆனபின் 'ஆர்டர் தானாக வரும்' என்ற நிலை இல்லை. தரத்தைக் காட்டித்தான் ஆர்டர் வாங்க வேண்டும்.

இப்போது என்ன நிலை?

இச்சாப்பூரில் உருவான 7.62 மி.மீ. ரைபிள் 2017 சோதனையில் அளவுக்கு மீறிக் கோளாறு காட்டியதால் ராணுவம் அதை நிராகரித்தது. 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைபிள்கள் வாங்க ஒப்பந்தமானது. உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ரஷ்யக் கூட்டுத் தயாரிப்பாக ஏ.கே.-203 தயாராகிறது. 6 லட்சத்துக்கும் அதிகமான ரைபிள்கள் தயாரிப்பது இலக்கு.

ஆனால் புது ரைபிள் வந்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? அதுவும் தேயும். அதுவும் உள்ளூர்த் தோட்டாவைத்தான் பெருமளவு சுடும். ராஜஸ்தான் மணலிலும் சியாச்சின் குளிரிலும் பழவேற்காட்டு உப்புக்காற்றிலும் அதுவும் நிற்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

அடுத்த முறை 'ரைபிள் ஜாம்' என்ற செய்தி வரும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. அந்த ரைபிளின் வயது என்ன? எத்தனை ரவுண்டு சுட்டிருக்கிறது? கடைசியாகக் கேஜ் வைத்து அளந்தது எப்போது? அதே தொகுதியில் வந்த மற்ற ரைபிள்கள் எப்படி இருக்கின்றன?

இந்த நாலு கேள்விக்கும் பதிவேட்டில் பதில் இருந்தால், தேய்ந்த பாகத்தை நேரத்தில் மாற்றிவிடலாம். குறையுள்ள தொகுதியைத் திரும்ப அனுப்பிவிடலாம். பதில் இல்லை என்றால், காலிகோட்டில் நடந்ததுபோல இறந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் வாதாட வேண்டியதுதான்.