ரகசியம் யாருக்காக?

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஒரு நோயாளி ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு, மாண்டோ ஊனமாகியோ போனால், அதைப்பற்றி விசாரிக்க அந்த ஆஸ்பத்திரி வைத்தியர்களே ஒரு கமிட்டியாகக் கூடுகிறார்கள். நடந்தது என்ன, பிசகு யாருடையது, அந்த வைத்தியரை இனியும் கத்தி எடுக்க விடலாமா என்றெல்லாம் பேசி எழுதி வைக்கிறார்கள். இதற்குச் சக வைத்தியர் விசாரணை என்று பெயர். இது நல்ல காரியமேயாகும். ஆனால் அப்படி எழுதி வைத்த தஸ்தாவேஜை, எவனுடைய வயிறு கிழிக்கப்பட்டதோ அவனே வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை என்று அநேகமாக அந்நாட்டின் எல்லா மாகாணங்களிலும் சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். இது நியாயந்தானா என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

முதலில் சட்டக்காரர்களுடைய வாதத்தைக் கேட்போம். கலிபோர்னியா மாகாணம் 1968-லேயே தனது சாட்சியச் சட்டத்தில் 1157-வது பிரிவைச் சேர்த்து, இத்தகைய கமிட்டிகளின் ரிக்கார்டுகளை வழக்காடுபவர்கள் கேட்டுப் பெற முடியாதபடி செய்தது. 1970-ல் வாஷிங்டனில் இருந்த பெடரல் கோர்ட்டும், இறந்துபோன ஒரு நோயாளிக்காக வழக்காடியவர்கள் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டபோது மறுத்துவிட்டது. தான் பேசியது நாளைக்கு வக்கீல் கையில் போய்ச் சேரும் என்று தெரிந்தால் எந்த வைத்தியரும் வாயைத் திறக்கமாட்டார், அப்புறம் குற்றங்குறைகள் திருந்துவது எப்படி என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இதில் உண்மை இல்லாமலில்லை. கூட வேலை செய்கிறவனைக் குறை சொல்லுவது யாருக்கும் சுலபமான காரியமல்ல. ஆகையால் கமிட்டியில் ஒருவர் மனந்திறந்து சொல்லும் அபிப்பிராயத்துக்கு ஓரளவு காவல் வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் அபிப்பிராயம் வேறு, சம்பவம் வேறு. “இவர் அவசரப்பட்டுவிட்டார்” என்று ஒரு வைத்தியர் சொல்லுவது அபிப்பிராயம். இன்ன வைத்தியர் கையில் இன்ன சிகிச்சையில் இதற்குமுன் இத்தனை பேர் கெட்டார்கள் என்பது சம்பவம். முன்னதை மூடுவதற்கென்று செய்த பெட்டியிலே பின்னதையும் போட்டுப் பூட்டிவிடுவது என்ன நியாயம்? நோயாளிக்குத்தான் தன் சொந்தச் சிகிச்சைக் குறிப்பைப் பார்க்க உரிமை இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு அவன் ஒருவன் கதையை மட்டும் சொல்லுமேயொழிய, அவனுக்கு முன்னால் அதே மேஜையில் படுத்தவர்கள் கதையைச் சொல்லுமா?

1986-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஒரு வைத்தியருடைய உரிமையை ஒரு ஆஸ்பத்திரி 30 நாளைக்கு மேல் குறைத்தாலும், விசாரணையின் நடுவே அவர் ராஜிநாமாச் செய்தாலும், அதைத் தேசிய வைத்தியர் விவரக் களஞ்சியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. 1990 முதல் அது நடந்து வருகிறது. அதிலும் பொதுஜனங்கள் ஒரு வைத்தியர் பெயரைச் சொல்லி விவரம் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரிகளாவது ஒன்றுக்கொன்று உண்மையைச் சொல்லிக்கொள்ளுகின்றனவா? டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு மூளை, முதுகெலும்பு சத்திர வைத்தியரின் கத்தியால் 2011 முதல் 2013 வரை முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஊனமானார்கள், இருவர் மாண்டார்கள். முதல் மரணம் நேர்ந்த ஆஸ்பத்திரி 2012-ல் அவரை ராஜிநாமாச் செய்துகொள்ள விட்டு, அவர்மீது தடை எதுவுமில்லை என்று கடிதமும் கொடுத்து அனுப்பிற்று. களஞ்சியத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை. அடுத்த ஆஸ்பத்திரியில் அடுத்த மரணம் நிகழ்ந்தது. 2017-ல் கோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிக்க, வெளியார் எவரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்த ரகசியம் யோக்கியமான வைத்தியருக்காவது நன்மை செய்கிறதா என்றால் அதுவும் நிச்சயமில்லை. ஓரிகன் மாகாணத்தில் அஸ்டோரியா என்ற சிறு ஊரில், ஒரு வைத்தியர் தாம் வேலை பார்த்த கிளினிக்கை விட்டுத் தனியே தொழில் தொடங்கினார். அந்தக் கிளினிக்காரர்களே விசாரணைக் கமிட்டியைத் தமது ஆயுதமாக்கி அவரை ஒழிக்கப் பார்த்தார்கள். அவர் வழக்காடினார். ஜூரிகள் 6,50,000 டாலர் நஷ்டஈடு என்றார்கள். சட்டப்படி அது மும்மடங்காயிற்று. 1988-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே மூடிய அறைக்குள் குற்றவாளி தப்பவும் கூடும், நிரபராதி மாட்டிக்கொள்ளவும் கூடும் என்று ஆகிறதல்லவா?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. புளோரிடா மாகாண ஜனங்கள் 2004-ல் ஓட்டுப்போட்டுத் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, சிகிச்சையில் நேர்ந்த கேடுகளைப்பற்றிய ரிக்கார்டுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஆதரித்தார்கள். மற்ற நோயாளிகளின் பெயர் வெளிவரக்கூடாது என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள். சட்டசபை அடுத்த வருஷமே அவ்வுரிமையைக் குறுக்கப் பார்த்தது. அந்த மாகாண சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் அந்தக் குறுக்கல்களைத் தள்ளிவிட்டது. 2005-ம் வருஷத்துப் பெடரல் சட்டத்தைக் காட்டி மறைக்கப் பார்த்ததையும் 2017-ல் ஒப்பவில்லை.

ஆகையால் நாம் சொல்லுவது இதுதான். கமிட்டியில் பேசியவர் பெயரையும் அபிப்பிராயத்தையும் வேண்டுமானால் காப்பாற்றுங்கள். நடந்த சம்பவத்தை நோயாளிக்குக் கொடுங்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதுங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட வைத்தியருக்கு அவர்மீதுள்ள ஆதாரங்களைக் காட்டுங்கள். உடல் நோயாளியுடையது, வலி நோயாளியுடையது, செலவும் நோயாளியுடையது. அப்படியிருக்க, அந்த உடலுக்கு நடந்தது என்ன என்கிற உண்மை மாத்திரம் வேறொருவருடைய சொத்தாக இருப்பதற்கு எந்த நியாயத்தைச் சொல்லமுடியும்?