சுவர் எழும்பிய பின் யன்னலை மாற்றலாமா?

வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் யன்னலைக் கிழக்கிலிருந்து தெற்குக்கு மாற்றச் சொன்னால், மேசன் நிலத்தில் கீறிய கோட்டை அழித்துவிட்டு மறுபடி கீறுவார். அதற்குச் செலவில்லை. சுவர் எழும்பிய பின் அதையே சொன்னால் கல்லும் சீமெந்தும் இரண்டு நாட்கூலியும் போய்விடும். எமது பிள்ளைகள் கார்ட்டூன் என்று சொல்லும் அசைவூட்டப்படத்தின் கணக்கும் இதுவேதான்.

கமம் செய்யும் எமக்குக் கார்ட்டூன் படத்தின் விலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் வாழும் எமக்காக இப்போது இத்தகைய படங்கள் செய்யப்படுகின்றன. மிதிவெடி அபாயம், கிணற்று நீரின் சுத்தம், 2018 இல் சோளச் செய்கையைத் தாக்கத் தொடங்கிய படைப்புழு என்று பல பொருள்கள் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களின் காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டாலும் சில இன்னும் விடுபடவில்லை. அந்த ஊர்களின் ஒழுங்கைகளையும் கோவிலடிகளையும் காணாத பிள்ளைகளுக்குப் படமாக்கிக் காட்ட வேண்டும் என்ற விருப்பமும் எம்மவரிடம் இருக்கிறது. எவர் செய்தாலும் அந்தக் காசு எமது பெயரில் செலவாகும் காசு. ஆகவே அதன் கணக்கை அறிவது எமது உரிமை.

முதலாவது, படத்தின் நீளம். திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கையால் வரையும்போது ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டினாலும் செக்கனுக்கு 12 படங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720, மூன்று நிமிடத்துக்கு 2160. நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு சொற்களையே சொல்லலாம். எழுதியதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரத்து வாசித்துப் பாருங்கள். தேவையற்ற நூறு சொற்களை வெட்டினால் ஒரு நிமிடப் படத்தின் செலவு மிஞ்சும். தலைவர் உரை, நன்றியுரை எல்லாவற்றையும் படத்துக்குள் திணிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இரண்டாவது, அசைவின் அளவு. டொம் அன்ட் ஜெரி படங்களைச் செய்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1957 இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்டபோது தொலைக்காட்சிக்குப் படம் செய்யத் தொடங்கினர். அங்கே கிடைத்த பணம் மிகக் குறைவு. ஆகவே உடலை அசையாமல் வைத்து வாயையும் கையையும் மட்டும் அசைத்தார்கள். ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இன்று கணினியில் தலை, கை, கால் என்று தனித்தனியாக வரைந்து, பொம்மையைப் போல மூட்டுகளில் அசைக்கிறார்கள். இது நடுத்தரச் செலவு. அசையாத படங்களை வரிசையாகக் காட்டிக் குரல் கொடுப்பது அதிலும் மலிவு. எல்லாவற்றையும் கையால் வரைவதும், முப்பரிமாணத்தில் நன்றாகச் செய்வதும் செலவு கூடியவை. எது அழகு என்பதைவிட எது எமது செய்திக்குப் போதும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. வெடிபொருள் ஒன்றை அடையாளம் காட்டுவதற்கு அது துள்ளி ஓட வேண்டியதில்லை. தெளிவாக வரைந்த ஒரு படம் சற்று நேரம் அசையாமல் நின்றாலே பிள்ளையின் மனதிற் பதியும்.

மூன்றாவது, ஆட்களும் இடங்களும். புதிய முகம், புதிய இடம் ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து வரைய வேண்டும். ஒரு கமக்காரர், அவருடைய மகள், ஒரு வயல், ஒரு கிணற்றடி என்பவை பல கதைகளுக்குப் போதும். கட்டையில் கட்டி நிற்கும் மாட்டை வரைவது இலகு. நான்கு காலாலும் நடக்கும் மாட்டுக்கு வேலை பலமடங்கு.

நான்காவது, காலந்தாழ்ந்த திருத்தம். எமது அனுபவத்தில் செலவைக் கூட்டுவதில் இதற்கு மிஞ்சியது வேறில்லை. முதலில் எழுத்து, பிறகு பென்சில் வரைவு, பிறகு குரற்பதிவு, கடைசியில் அசைவு என்று வேலை நடக்கும். வாயசைவு குரலைப் பின்பற்றுவதால், படம் முடிந்த பின் ஒரு வசனத்தை மாற்றினால் குரலும் அசைவும் மறுபடி செய்யப்பட வேண்டும். தலைவர் ஒன்று சொல்ல, செயலாளர் வேறொன்று சொல்ல, கொழும்பிலிருந்து மூன்றாவது கருத்து வர, விலை ஏறிக்கொண்டே போகும். வருட முடிவுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரம் சேர்ந்தால் இராவேலைக்கும் காசு கொடுக்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் அதிகாரிகளுடன் நாம் முரண்படும் இடம் இதுதான். பணம் போதாதபோது அவர்கள் முதலில் வெட்டுவது மக்களிடம் போய்க் கேட்கும் செலவை. யுனிசெப் நிறுவனம் 1990களில் தெற்காசியச் சிறுமிகளுக்காக ‘மீனா’ என்ற கார்ட்டூன் தொடரைச் செய்தது. இந்தியாவின் ராம் மோகன் அதில் முக்கிய பங்காற்றினார். வரைவுகளைப் பங்களாதேஷ், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் மக்களிடம் காட்டி, சிறுமியின் பெயர், முகம், உடை எப்படி இருக்கவேண்டும் என்று கேட்ட பின்னரே அவள் உருவானாள். அதற்குக் காலமும் பணமும் சென்றன. ஆயினும் நாலு நாட்டுப் பிள்ளைகளும் அவளைத் தங்கள் ஊர்ப்பிள்ளை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

மாறாக, எமது ஊரில் இல்லாத வேலியும் எமது பெண்கள் உடுத்தாத உடையும் படத்தில் வந்தால், இது யாருக்கோ செய்தது என்று சனம் எழும்பிப் போய்விடும். மிதிவெடிப் படத்தில் வேறு நாட்டு எச்சரிக்கைப் பலகையைக் காட்டினால், எமது காட்டோரத்தில் நிற்கும் பலகையைப் பிள்ளை அடையாளம் காணாது. அந்தத் தவறின் விலையை ரூபாவில் எழுத முடியாது. இப்போது சொன்னவுடன் படம் வரையும் கணினி முறைகளும் வந்துள்ளன. அவை வரையும் கூலியைக் குறைக்கலாம். துலாக்கிணறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த ஊரார் வேண்டும்.

சிக்கனத்துக்கு வேறு வழிகள் உண்டு. அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சயன்டிபிக் அனிமேசன்ஸ் வித்தவுட் போர்டர்ஸ்’ என்ற முயற்சி, கமத்தொழில், சுகாதாரம் பற்றிய படங்களை ஒருமுறை செய்து, குரலை மட்டும் மாற்றி நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கல்வித் தேவைக்கு இலவசமாகக் கொடுக்கிறது. நாமும் படத்துக்குள் எழுத்துகளைத் தவிர்த்தால், தமிழில் செய்த படத்தைக் குறைந்த செலவிற் சிங்களத்திலும் கொடுக்கலாம். எமது கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு. கணினி மென்பொருள்களுக்கு டொலரில் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது அந்தச் சுமையும் படத்தின் விலையில் ஏறியது.

அந்தக் காசில் இரண்டு கிணறு இறைத்துத் துப்புரவாக்கலாமே என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு சுவரொட்டியோ வீதி நாடகமோ போதுமென்றால் படம் வேண்டாம் என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. வேண்டுமென்று முடிவானால், கூட்டத்தில் எழுந்து சிலவற்றைக் கேட்போம். எத்தனை நிமிடம்? எழுத்தையும் பென்சில் வரைவையும் எமக்கு எப்போது காட்டுவீர்கள்? எத்தனை தடவை திருத்தலாம்? எமது பக்கத்தில் முடிவு சொல்லும் ஒருவர் யார்? வேலை முடிந்ததும் மூலக் கோப்புகள் சங்கத்துக்குக் கிடைக்குமா? அவை கிடைத்தால் அடுத்த வருடம் அதே கமக்காரரையும் அதே கிணற்றடியையும் வைத்து இன்னொரு படம் செய்யலாம்.

படம் முடிந்து மண்டபத்தில் திரை கட்டிய பின்னரே எம்மை அழைக்கிறார்கள். அப்போது நாம் சொல்லும் குறை, சுவர் எழும்பிய பின் யன்னலை மாற்றச் சொல்வது போன்றதுதான். மேசன் நிலத்தில் கோடு கீறும் நாளிலேயே எம்மை அழைக்கட்டும். அழைக்காவிட்டால், நாமே போய் நிற்போம்.